ஒழுகாத எண்ணெய்

வளைகுடாவில் பார்த்த வேலை முடிந்து என் தம்பி ஊருக்கு வந்தபோது, எல்லோரையும் போல டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அங்கே ஓட்டிக்கொண்டிருந்த பழைய டீசல் காரைக் கப்பலில் ஏற்றி, கொச்சியில் இறக்கி, ஆரியங்காவு வழியாக ஓட்டிவந்து, தென்காசியில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டான். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் தெருவில் அதுவரை நின்ற பெரிய வாகனம் தண்ணீர் வண்டிதான். அதனால் பார்க்க வந்தவர்களுக்குக் காபி போட்டே என் ஒரு வார லீவு போயிற்று.

அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. பின்பக்க மூடியில் ‘டர்போ’ என்று வெள்ளி எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “என்னடி, தர்ப்பைன்னு போட்டிருக்கு? திவசத்துக்குப் போற வண்டியா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து தெரு முழுக்க அது தர்ப்பைக் கார் ஆகிவிட்டது. தம்பிக்கு ரோசம் வந்துவிட்டது. இஞ்சின் விடுகிற புகையைக் கொண்டே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைத்து, அதை வைத்து இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை அடைக்கிற ஏற்பாடு அது, மேட்டில் வண்டி பறக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, தர்ப்பைக் கார் என்றே சொல்லிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாளில் அவனுக்கு மறுபடியும் அங்கேயே வேலை கிடைத்தது. போகும்போது சாவியை என் கணவர் கையில் வைத்து, “அத்தான், வண்டியைச் சும்மா நிறுத்திப் போடாதீங்க. அக்காவை ஏத்திக்கிட்டு அப்பப்ப குத்தாலம் போயிட்டு வாங்க. ஓடாம நின்னா அதுக்கும் நோக்காடு வந்துரும்” என்றான். அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

என் கணவர் ஓட்டிய பஸ் விபத்தில் சிக்கியது தம்பிக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஒரு சைக்கிளைக்கூட மிதித்ததில்லை என்பது தெரியாது. நான் சொல்லவில்லை. இத்தனைக்கும் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிற ஆள் இல்லை நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் வாய் சும்மா இருக்குமா? ஆனால் இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் திறக்கவில்லை. சொன்னால் அவர் இன்னும் சின்னதாகிப் போவார் என்று பயம்.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர். ஒரு தனியார் கம்பெனியில், தென்காசிக்கும் ஐந்தருவிக்கும் போய்வருகிற பஸ். எக்ஸ்சேஞ்ச் ஜன்னலைத் தாண்டும்போது ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவார். என்கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் முறைப்பேன். அவர் லீவு போட்ட நாளில் வேறு டிரைவர் ஹாரன் அடிக்காமல் போனால் எனக்குத்தான் என்னவோ போல் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ராஜா அவர். சந்தைக் கூட்டத்தில் வண்டியை நுழைத்து எடுப்பதைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எனக்கு அந்தக் கர்வம் பிடிக்கும்.

விபத்து ஒரு சீசன் சமயத்தில் நடந்தது. சாரல் விழுந்து, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டி, வெளியூர்க் கூட்டம் நெரிந்த நாள். திரும்பி வருகிற இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. சாலை நிறையக் குளித்துவிட்டு ஈரத்துணியும் பிள்ளைகளுமாக நடந்து வருகிற ஜனம். அவர் வண்டியை இடது பக்கம் ஒடித்து மண்மேட்டில் ஏற்றி, ஒரு மரத்தில் உரசி நிறுத்திவிட்டார். நடந்துபோனவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பின்படிக்கட்டில் நின்ற கண்டக்டரின் கால், படிக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கண்டக்டர் வாசுதேவநல்லூர்க்காரர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருஷக்கணக்கில் ஜோடியாக ஓடியவர்கள். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் எனக்கு அண்ணாச்சி. என் கைக்குழம்பைக் குறை சொல்கிற உரிமை உள்ள ஒரே வெளியாள்.

கேஸில் டிரைவர்மேல் தப்பில்லை என்று வந்தது. ஊரில் அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று தோளில் துண்டு போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டை மடித்து என்னிடம் கொடுத்து, “இது என் கண்ணுல படக் கூடாது” என்றார். அதற்கு முன்பே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் என் கணவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தோம். பிறகு என் கணவர் அங்கே போகவில்லை. அங்கிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

பஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்ந்தார். போகவும் வரவும் நடைதான். வெளியூருக்குப் பஸ்ஸில் போக நேர்ந்தால் கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இறக்கம் வந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவர் கையில்தான் தம்பி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். வாரத்தில் ஒரு நாள் கார்க் கதவைத் திறந்து, இஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். ஒரு முழம் முன்னே எடுக்கமாட்டார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் காருக்கு அடியில், சிமெண்ட் தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது. இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தகரத் தொட்டிக்கு ஆயில் சேம்பர் என்று பெயர். அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் கார்க் அட்டையில் வெட்டிய ஒரு சட்டம் இருக்கும். அதுதான் பேக்கிங். வண்டி ஓடாமல் நின்றால் கார்க் காய்ந்து சுருங்கும், எண்ணெய் கசியும். தம்பி சொன்ன நோக்காடு வந்துவிட்டது என்று நான் கவலைப்பட்டேன். அவரோ புது மாப்பிள்ளை போலக் கிளம்பிவிட்டார். கடையிலிருந்து கார்க் ஷீட்டும் செல்லாக் பசையும் வாங்கிவந்தார். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகளை அடுக்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிட்டார். போல்ட்டுகளைக் கழற்றுகிறபோது உள்ளே இருந்து ஏதோ ஒரு பாட்டை முனகுகிற சத்தம் கேட்டது. நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டேன். அவர் பாட்டு முனகி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

வேலை முடிந்ததும், “ஞாயித்துக்கிழமை குத்தாலம் போவோமா?” என்று கேட்டேன். “போவோம்” என்றார். நான் அதை நம்பிப் புளியோதரை கிண்டி, தூக்குச்சட்டியில் அடைத்து, பட்டும் இல்லாமல் பழசும் இல்லாமல் ஒரு சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தால், கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஒழுகுது” என்றார்.

“இப்பத்தான மாத்துனீங்க?”

“பேக்கிங் சரியா உக்காரல போல. ஒழுகுத வண்டியை ரோட்டுல எடுக்கக் கூடாது ஏட்டி. டர்போ உள்ள வண்டிக்கு எண்ணெய் கொறைஞ்சா அவ்வளவுதான், அந்தக் காத்தாடி எரிஞ்சே போயிரும். உன் தம்பிக்கு யார் பதில் சொல்லுதது?”

புளியோதரையை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தின்றோம். எனக்குக் கோபம்தான். ஆனால் மறு வாரமே மறுபடியும் சேம்பரை இறக்கினார், மறுபடியும் பாட்டு முனகினார். அதனால் நான் அடங்கிப்போனேன். அந்தத் தடவை கடைசியில் எண்ணெய் ஊற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தார். புனலை வைத்து நான்தான் ஊற்றினேன். புது எண்ணெய் நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக இறங்கியது. “இது இப்படியேவா இருக்கும்?” என்று கேட்டேன். “எங்க? டீசல் இஞ்சின் ஒரு நாழி ஓடுனாப் போதும், மை மாதிரி ஆயிரும். நாளைக்கு ஸ்டார்ட் பண்ணுவோம். இன்னைக்குப் பசை காயட்டும்” என்றார்.

மறுநாள் விடிந்து வாசல் தெளிக்க வந்தபோது அவர் கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். “இன்னும் ஒழுகுது” என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் போய்க் குந்திப் பார்த்தேன். சேம்பருக்கு நேர் கீழே, தரையில் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு எண்ணெய். விரலால் தொட்டுப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது.

நேற்று என் கையால் ஊற்றிய எண்ணெய் பொன்னிறம். சேம்பரை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததையும் பார்த்தேன். இஞ்சின் இன்னும் ஓடவில்லை. அப்படியானால் கருப்பு எண்ணெய் எங்கிருந்து வரும்? தலையைத் திருப்பினேன். வடித்த பழைய எண்ணெயை ஊற்றி வைத்திருந்த தகர டின், நேற்று சுவர் ஓரத்தில் வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அதன் விளிம்பில் ஈரம். கையை நுழைத்துச் சேம்பர் ஓரம் முழுவதும் தடவிப் பார்த்தேன். பவுடர் போட்டதுபோலக் காய்ந்து கிடந்தது.

முதலில் வந்தது கோபம். என்னிடமே பொய்யா என்று பொங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் குளித்துவிட்டு வந்ததும் கேட்கிற கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே தோசை சுட்டேன். இரண்டு தோசை கருகியது. அவர் வந்து மணையில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டே கருகிய தோசையைப் பிய்த்துத் தின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நகக்கண்ணில் கருப்பு இருந்தது. பல் துலக்குமுன் எழுந்து போய், யாருக்கும் தெரியாமல் தன் வீட்டுத் தரையில் எண்ணெயை ஊற்றிவிட்டு வருகிற அளவுக்கு ஒரு ஆண்பிள்ளைக்குப் பயம் இருக்கிறது என்றால், அந்தப் பயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எனக்குக் கேள்வி எதுவும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த லீவு நாளில் நானாகவே சொன்னேன். “இந்தத் தடவை நானும் கூட வாரேன். ரெண்டு பேரா சேந்து மாட்டுனா பேக்கிங் நகராது.”

“சேலையெல்லாம் அழுக்காயிரும்” என்றார்.

“அழுக்கானா நான்தான துவைக்கப் போறேன்?”

பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கோணிச்சாக்கை விரித்து, அவர் பக்கத்தில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் இப்படிப் படுத்ததில்லை. தெருவில் யாராவது எட்டிப் பார்த்தால் இரண்டு ஜோடிக் கால்கள்தான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்தே விட்டாள். “ஏட்டி, தர்ப்பைக் காருக்குப் பிரசவம் பாக்கியளா?” என்று கத்திவிட்டுப் போனாள். அவர் சிரிக்கவில்லை.

எண்ணெயை வடித்தோம். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். சேம்பர் பசை பிடித்து ஒட்டியிருந்தது. மரச்சுத்தியால் ஓரத்தில் தட்டி, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். இறக்கி நெஞ்சுக்கு மேலே பிடித்தபடி இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பேக்கிங் முழுசாக இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு இடத்தில் பிதுங்கல் இல்லை. வெளி ஓரத்தில் எண்ணெய் நனைந்த அடையாளமே இல்லை. இவ்வளவு சுத்தமான வேலையை அவரைத் தவிர யாரும் செய்திருக்க முடியாது.

அவர் இஞ்சினையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“உனக்குத் தெரியும்லா?” என்றார்.

“ம்.”

“எப்பத்துல இருந்து?”

“கருப்பா இருந்துச்சுல்லா, அன்னைக்கே.”

அவர் சேம்பரை மெதுவாகப் பக்கத்தில் வைத்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், பேச ஆரம்பித்தார்.

“அன்னைக்குக் காலைலயே பெடல் கீழ இறங்குச்சு. ரெண்டு தரம் மிதிச்சாத்தான் பிரேக் பிடிச்சுது. ஐந்தருவில வச்சு அவன்கிட்டச் சொன்னேன். மாப்ள, பிரேக் சரியில்ல, ஆளை ஏத்த வேண்டாம், கம்பெனிக்குச் சொல்லிவிடுவோம்னேன். அதுக்குள்ள கூட்டம் ஏறி நிக்குது. எடுய்யா எடுய்யான்னு கத்துதானுவ. அவன் விசில் கொடுத்துட்டான். நான் எடுத்துட்டேன்.”

நான் போல்ட்டுகளைச் சாக்கில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“அவன் விசில் அடிச்சா என்ன? வண்டி என் காலுக்குக் கீழ இருக்கு. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லையா? சாவியைப் பிடுங்கிக்கிட்டுக் கீழ இறங்கி நின்னுருந்தா என்ன செஞ்சிருப்பாவ? எனக்குத் திமிரு. எந்த வண்டியையும் ஓட்டிருவேன்னு திமிரு. கேஸ்ல பிரேக் பைப்பு அறுந்துட்டுன்னு எழுதி முடிச்சுட்டாவ. காலைல எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கல. துண்டு போட்டுட்டாவ. நான் எங்க போய்ச் சொல்ல?”

“இந்த எண்ணெய் எதுக்கு?” என்று கேட்டேன்.

“முதத் தடவை நெசமாவே ஒழுகுச்சு. மாத்துனதும் நின்னுட்டு. நீ புளியோதரை கிண்டிக்கிட்டு இருந்த. உன்ட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்லுததுன்னு தெரியல, ஊத்துனேன். ஊத்திட்டு, இந்த வண்டியை எடுக்க முடியாதுன்னு உன்ட்டச் சொன்னேன் பாத்தியா, அப்ப மனசுக்கு நல்லா இருந்துச்சு ஏட்டி. அன்னைக்குச் சொல்ல வேண்டியது அதான்.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இடம் இல்லை. முழங்கை இடித்தது. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன், எண்ணெயும் பசையுமாக. இரண்டு பேர் கையும் வழுக்கியது.

“இதைக் கண்டக்டர் அண்ணாச்சிகிட்டச் சொன்னீங்களா?”

“மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்ல. அவன்ட்ட என்னன்னு போய்ச் சொல்ல?”

“சரி. கழட்டியாச்சு. இனிமே புதுசு வெட்டுங்க” என்றேன். அதற்குமேல் பேசினால் நான் உடைந்துபோவேன் என்று தெரிந்தது.

வெளியே வந்து, கார்க் ஷீட்டைச் சேம்பர் விளிம்பில் விரித்து, சுத்தியால் ஓரம் முழுக்க லேசாகத் தட்டித் தடம் எடுத்துக் கொடுத்தார். என் துணி வெட்டுகிற கத்தரியால் நான் வெட்டினேன். வேறு நேரமாக இருந்தால் அந்தக் கத்தரியைத் தொட விட்டிருக்க மாட்டேன். பேக்கிங் நகராமல் இருக்க, போல்ட் ஓட்டைகள் வழியாகத் தையல் நூல் கோத்து அங்கங்கே சேம்பரோடு கட்டினேன். நான் இரண்டு கையாலும் சேம்பரை ஏந்திப் பிடிக்க, அவர் போல்ட்டுகளை ஏற்றினார். ஒரே பக்கமாக இறுக்காமல், நடுவில் ஒன்று, எதிரில் ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். “இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, தொந்தரவே வேண்டாம்” என்றேன். “கூடாது. பயந்து பயந்து இறுக்குனா கார்க்கு பிதுங்கிரும். அப்பதான் நெசமாவே ஒழுகும்” என்றார். அவருக்கே அது வேறு எதையோ சொன்னதுபோல இருந்திருக்க வேண்டும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் காருக்கு முன்னால் குந்தியிருந்தார். அடியில் நியூஸ் பேப்பர் விரித்து வைத்திருந்தார். அதை இழுத்து எடுத்து, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

“ஒழுகல” என்றார்.

ஒரு குழந்தை முதல் வார்த்தை பேசியதுபோல எனக்குக் கேட்டது. ஆனால் அவர் உடனே வண்டியை எடுத்துவிடவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக்கைப் பார்த்தார். பிரேக் எண்ணெயை மாற்றினார். தெருவுக்குள்ளேயே முன்னும் பின்னும் எடுத்து மிதித்து மிதித்துப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பக்கத்து வீட்டு அக்காகூட அன்றைக்குக் கேலி பேசவில்லை, வாசலில் நின்று பார்த்தாள். இப்படியே கொஞ்ச நாள் தெரு, பிறகு ரத வீதி, பிறகு அச்சன்புதூர் வரை. சாரல் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, “வாசுதேவநல்லூர் போயிட்டு வருவோம்” என்றார்.

அன்றைக்கு அவர் ஓட்டிய ஓட்டத்தை மாட்டுவண்டிதான் முந்தவில்லை. டர்போவாவது தர்ப்பையாவது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் ஓரத்து மரங்களெல்லாம் அவர் தோளை உரசுகிற மாதிரி வந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் அவர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணாச்சி வீட்டு முன்னறையிலேயே ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தார். நாங்கள் போனபோது உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்குளில் வைத்து நடக்கிற கட்டைகள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. என் கணவர் இறங்கி நேராகக் கடை முன்னால் போய் நின்றார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“மாப்ள, அன்னைக்குப் பிரேக் சரியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வண்டியை எடுத்தேன். உன் காலை எடுத்தது நான்தான்.”

அண்ணாச்சி அவரையே பார்த்தார். பிறகு கத்தினார். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல்.

“நீ சொன்னல்லாலே! பிரேக் சரியில்லன்னு என்கிட்டச் சொன்னல்லா! என் காதுல விழுந்துச்சுலே. விழுந்த பொறவுதான விசில் அடிச்சேன். பின்னால அடுத்த கம்பெனி வண்டி வந்து நின்னுட்டு. அவன் ஆளை ஏத்திருவான்னு ரோசத்துல அடிச்சேன். நீ பாவம், விசில் கேட்டா எடுக்கதுதான உன் வேலை? ஆஸ்பத்திரில உன் மூஞ்சியை நான் எப்படிலே பாப்பேன்? நான் அடிச்ச விசிலுக்கு நீ கோர்ட்டு வாசல்ல நிக்க. சாமி, இவன் என்கிட்ட ஒண்ணும் கேட்றக் கூடாதேன்னுதான் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.”

என் கணவர் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அண்ணாச்சி மேசைக்கு மேலே கையை நீட்டி அவர் தலையில் வைத்தார். எட்டவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எக்ஸ்சேஞ்சில் நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ரிசீவரை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர் முதலில் பேசட்டும் என்று சும்மா இருப்பார்கள். பேசுங்க, லைன் இருக்கு என்று நடுவில் நாங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லா ஊருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, இந்த இரண்டு பேருக்கு நடுவில் இத்தனை காலம் என்ன இருந்தது என்று தெரியாமலே போயிற்றே என்று இருந்தது.

சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டோம். கை கழுவும்போது அண்ணாச்சி சொன்னார். “கால் போன பொறவு அருவில நிக்கல தங்கச்சி. கூட்டிட்டுப் போவியளா?”

அன்றைக்கே போனோம். ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. எண்ணெய் தேய்க்கிறவரிடம் உட்கார்ந்து தலை முதல் ஒற்றைக் கால் வரை தேய்த்துக்கொண்டுதான் குளிப்பேன் என்று அண்ணாச்சி அடம் பிடித்தார். அங்கே கல், மண், படி எல்லாம் எண்ணெய். நான் என் கணவரிடம், “பாத்து வாங்க, இங்கன கிடக்கதெல்லாம் உங்க வண்டி ஒழுகுனதுன்னு சொல்லிரப் போறாவ” என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் அண்ணாச்சியின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சி அவர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, தண்ணீருக்கு அடியில் அப்படியே நின்றார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூட நேரமாகிவிட்டது என்று விரட்டவில்லை.

திரும்பும்போது அண்ணாச்சி முன் சீட்டில், வலது பக்கம் உட்கார்ந்தார். பஸ்ஸாக இருந்தால் அது டிரைவர் பக்கம். என் கணவர் இடது பக்கம். நான் பின்னால், ஈரத்துணிகளோடு. பேசிக்கொண்டே வந்தவர்கள் இறக்கம் தொடங்குகிற இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் வண்டியையும் நிறுத்திவிட்டார். கீழே சாலை நிறைய, ஈரத் தலையோடு ஜனம் நடந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒரு வேன் ஹாரனை விடாமல் அடித்தது. எடுய்யா என்று யாரோ கத்தினார்கள். நான் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி பின்னால் திரும்பி அந்த வேனைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

“மாப்ள, பிரேக் எப்படிலே இருக்கு?”

என் கணவர் மிதித்துப் பார்த்தார். “நல்லாப் பிடிக்குது.”

“இன்னொருக்க மிதிச்சுப் பாரு. அவன் கத்துனாக் கத்தட்டும்.”

அவர் இன்னொரு தரம் மிதித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“அப்பச் சரி” என்றார் அண்ணாச்சி. “போ.”